சரக்கு மாஸ்டரும் சர்வரும்: ஜாவா செயலிக்கு முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி

நம் ஊர் ஹோட்டல்களில் ‘சர்வர்’ என்றால் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்பவர். அடுக்களையில் சமைப்பவர் சரக்கு மாஸ்டர். கணினிக்காரர்கள் சர்வர் என்று சொல்வதோ பெரும்பாலும் அடுக்களைக்காரரை. ஜாவாவில் எழுதிய வலைச்செயலி ஒன்றை டாம்கேட்டில் ஏற்றி, 8080 என்ற போர்ட்டை ஊருக்கே திறந்துவிட்டால், வாடிக்கையாளர் நேரே அடுக்களைக்குள் நுழைந்து மாஸ்டரிடம் தோசை கேட்கிறார் என்று பொருள். தோசை கிடைக்கும். பத்துப் பேர் வரும்வரை தொல்லையும் இல்லை.

ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பது அந்த ஹோட்டல் சர்வர். வாசலில் நின்று வருபவரின் கோரிக்கையை வாங்கி, உள்ளே கொடுத்து, பதிலைக் கொண்டுவந்து வைக்கும் இடையாள். இவரை நிறுத்த ஐந்தாறு வரி போதும். அரை மணி நேர வேலை. பலர் அதோடு எழுந்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது: முன்னால் ஒருவர் நிற்கிறார் என்பதை உள்ளே இருக்கும் செயலிக்குச் சொல்லிவைப்பது. அதைச் சொல்லாமல் விட்டால் வரும் கோளாறுகள் வினோதமானவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றுபவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்களுக்கு ப்ராக்ஸி என்றால் விளக்கவே வேண்டாம். அலுவலகத்தில், விடுதியில் இருக்கும் வழக்கமான ப்ராக்ஸி உள்ளே இருப்பவர்கள் சார்பில் வெளியே போய் இணையப் பக்கங்களை வாங்கி வரும். வெளியிலிருந்து வருபவர்களுக்கு, உள்ளே இருக்கும் செயலியின் சார்பில் பதில் சொல்வது ரிவர்ஸ் ப்ராக்ஸி. யார் சார்பில் நிற்கிறது என்பது தலைகீழ், அவ்வளவுதான்.

எதற்கு இந்த இடையாள்?

டாம்கேட் தானாகவே நல்ல வலைச்சர்வர். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது, 1999இல் அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்குப் போனது. இன்று ஸ்பிரிங் பூட்டில் எழுதும் செயலிக்குள்ளும் நீங்கள் வேறு சொல்லாவிட்டால் இதுதான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஏன் நேரடியாக வெளியே விடக் கூடாது?

முதல் காரணம் போர்ட் எண். யூனிக்ஸ் வழக்கப்படி 1024க்குக் கீழே உள்ள போர்ட்களைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும். வலைக்கான 80, 443 இரண்டும் அந்த எல்லைக்குள் வருகின்றன. செயலியை ரூட்டாக ஓட்டினால் அதிலுள்ள ஒரு சிறு ஓட்டை வழியே நுழைபவர் கையில் கணினி முழுவதும் போய்விடும். நாம் இங்கே ரிவர்ஸ் ப்ராக்ஸியாக நிறுத்தப்போகும் என்ஜின்எக்ஸ் இதை அழகாகச் சமாளிக்கிறது: தலைமைச் செயல்முறை மட்டும் ரூட்டாக இருந்து போர்ட்டைத் திறக்கும், கோரிக்கைகளைக் கவனிக்கும் ‘வொர்க்கர்’கள் அதிகாரமில்லாத சாதாரணப் பயனராக ஓடும்.

இரண்டாவது காரணம் எனக்குப் பிடித்தது: மெதுவான வாடிக்கையாளர். டாம்கேட்டில் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்கள் இயல்பாக 200 வரைதான். வழக்கமான முறையில் எழுதிய செயலியில் ஒரு கோரிக்கைக்கு ஒரு த்ரெட் கடைசிவரை கூடவே நிற்கும். இழுத்து இழுத்து வரும் கைப்பேசி இணைப்பில் ஒருவர் இருபது எம்பி அறிக்கையை இறக்குகிறார் என்றால், அது போய்ச் சேரும்வரை ஒரு மாஸ்டர் தட்டைப் பிடித்துக்கொண்டு மேசையருகே நிற்கிறார். இப்படி 200 பேர் வந்தால் அடுப்பு சும்மா எரியும், அடுத்தவருக்கு இட்லி இல்லை. என்ஜின்எக்ஸ் பிறந்ததே இந்த வகைச் சிக்கலுக்காகத்தான். ஒரே கணினியில் பத்தாயிரம் இணைப்புகளை ஒரே சமயத்தில் எப்படித் தாங்குவது என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் எழுப்பினார். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணியாற்றிய இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி, 2004 அக்டோபரில் வெளியிட்டதுதான் என்ஜின்எக்ஸ். இணைப்புக்கு ஒரு ஆள் என்று வைக்காமல், சில வொர்க்கர்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும். டாம்கேட் தரும் பதிலை வேகமாக வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு (நினைவகத்தில் இடம் போதாவிட்டால் தற்காலிகக் கோப்பில்) மெதுவான இணைப்புக்கு மெதுவாகப் பரிமாறும். த்ரெட் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருக்கும். கோப்பு ஏற்றும்போதும் இப்படித்தான். முழுக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகே உள்ளே அனுப்பும்.

மூன்றாவது, எச்டிடிபிஎஸ். ஜாவாவின் கீஸ்டோரோடு மல்லுக்கட்டியவர்களிடம் நான் எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழை மாற்ற வேண்டும், கீடூலின் நீளமான கட்டளையைத் தேடிப் பிடிக்க வேண்டும், பல இடங்களில் செயலியை நிறுத்தி மறுபடி ஏற்றவும் வேண்டும். 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களை இலவசமாகத் தருகிறது, ஆனால் அவற்றின் வழக்கமான ஆயுள் 90 நாள்தான். அதைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட் என்ஜின்எக்ஸோடு இயல்பாகப் பேசும். புதிய சான்றிதழ் வந்ததும் ஒரு ரீலோட். பழைய இணைப்புகள் தம் வேலையை முடித்துக்கொண்டு போகும், புதியவை புதிய சான்றிதழோடு வரும். ஜாவா செயலிக்குச் செய்தியே தெரியாது.

படங்கள், சிஎஸ்எஸ் கோப்புகளை ப்ராக்ஸியே நேரடியாகத் தருவதால் வேகம் கூடும் என்பதையும் பலர் பெரிய காரணமாகச் சொல்வார்கள். கூடும்தான். ஆனால் சிறிய செயலியில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கோப்புகளை இரண்டு இடத்தில் வைத்துப் பராமரிக்கும் தலைவலிதான் தெரியும். முதல் நாளே அதில் இறங்காதீர்கள்.

அந்த ஐந்தாறு வரி

என்ஜின்எக்ஸின் கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் எழுதும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. சொற்களுக்கு நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு.

உபுண்டு என்றால் ‘சைட்ஸ்-அவைலபிள்’ கோப்புறையில், ரெட் ஹேட் வகை என்றால் ‘கான்ஃப்.டி’யில் ஒரு கோப்பு தொடங்குங்கள். உபுண்டுவில் அதை ‘சைட்ஸ்-எனேபிள்டு’க்குள் இணைப்பதை மறந்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடாதவர் குறைவு. கோப்புக்குள் ‘சர்வர்’ என்று ஒரு கட்டம். அதில் ‘லிசன்’ 443, கூடவே ‘எஸ்எஸ்எல்’. ‘சர்வர் நேம்’ என்பதற்கு எதிரே உங்கள் டொமைன். சான்றிதழ், அதன் சாவி இரண்டும் இருக்கும் பாதைகள். பிறகு ‘லொக்கேஷன்’ என்று ஒரு உள்கட்டம், அந்தச் சொல்லுக்கு அடுத்து ஒற்றைச் சாய்கோடு: எந்தப் பாதையாக இருந்தாலும் இங்கே வா என்று பொருள். அதற்குள் ‘ப்ராக்ஸி பாஸ்’, எதிரே செயலியின் உள்முகவரி: எச்டிடிபி, 127.0.0.1, போர்ட் 8080. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் எண்ணாகவே எழுதுவது நல்லது. அந்தப் பெயர் சில கணினிகளில் ஐபி ஆறாம் பதிப்பு முகவரிக்கும் போகும், செயலி அங்கே காது கொடுக்காமல் இருக்கலாம். 80இல் வருபவரை 443க்குத் திருப்ப இன்னொரு சிறிய கட்டம். ‘என்ஜின்எக்ஸ் -டி’ என்ற கட்டளையால் எழுத்துப்பிழை பார்த்துவிட்டு ரீலோட் செய்தால், பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் வந்து நிற்கும்.

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள்.

உள்ளே இருப்பவருக்கு என்ன தெரியும்?

செயலியின் இடத்திலிருந்து பாருங்கள். அதற்கு வரும் எல்லாக் கோரிக்கையும் ஒரே ஆளிடமிருந்து, அதாவது 127.0.0.1இலிருந்து வருகிறது. எல்லாமே பூட்டில்லாத எச்டிடிபி. கேட்கப்படும் டொமைனும் உங்கள் டொமைன் அல்ல. ‘ப்ராக்ஸி பாஸ்’ வரியில் நீங்கள் எழுதிய அந்த 127.0.0.1தான், ஏனென்றால் என்ஜின்எக்ஸ் இயல்பாக ‘ஹோஸ்ட்’ ஹெடரில் அதையே போட்டு அனுப்புகிறது. செயலி பொய் எதுவும் சொல்வதில்லை; தனக்குத் தெரிந்த உண்மையை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. அந்த உண்மை மூன்று இடத்தில் தவறு.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், ஐந்து முறை கடவுச்சொல் தவறினால் அந்த ஐபி முகவரியை அரை மணி நேரம் முடக்கும் பாதுகாப்பு இருந்தது. ப்ராக்ஸி வைத்த மறுநாள் காலை யாரோ ஒருவர் கேப்ஸ் லாக் எரிவதைக் கவனிக்காமல் ஐந்து முறை அடித்தார். அலுவலகம் முழுவதும் வெளியே நின்றது. செயலியின் கணக்கில் அத்தனை பேரும் ஒரே ஆள்தானே.

எச்டிடிபி பற்றிய தவறு இன்னும் பிரபலமானது. பாதுகாப்புக்காகச் செயலியிலேயே ‘எச்டிடிபியில் வந்தால் எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பு’ என்று எழுதியிருப்பார்கள். ப்ரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில் வருகிறது. ப்ராக்ஸி அந்தப் பூட்டை அவிழ்த்து எச்டிடிபியாக உள்ளே தருகிறது. செயலி ‘எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ’ என்கிறது. ப்ரவுசர் மறுபடி எச்டிடிபிஎஸ்ஸிலேயே வருகிறது. செக்குமாடு. இருபது சுற்று சுற்றிவிட்டு ப்ரவுசர், திருப்பல்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று கைவிரிக்கும்.

இதற்கு வழி, மூன்று உண்மைகளையும் ஹெடரில் எழுதி அனுப்புவது. ‘ப்ராக்ஸி செட் ஹெடர்’ என்ற கட்டளையை மூன்று முறை எழுத வேண்டும். ‘ஹோஸ்ட்’ ஹெடரில் வந்தவர் கேட்ட உண்மையான டொமைன். ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ’வில் வந்தது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது. ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’இல் வந்தவரின் ஐபி முகவரி. கடைசி ஹெடர் ஸ்க்விட் ப்ராக்ஸியை எழுதியவர்கள் தொடங்கிவைத்த வழக்கம். 2014இல் இவற்றுக்கெல்லாம் மாற்றாக ‘ஃபார்வர்டட்’ என்ற ஒரே ஹெடரை முறையான தரமாகவே வகுத்தார்கள். ஆனாலும் ஊர் பழைய பெயர்களைத்தான் புழங்குகிறது.

அனுப்பினால் மட்டும் போதாது, செயலி அதைப் படிக்க வேண்டும். கேட்காமலே படிக்காது, படிக்கவும் கூடாது. ஸ்பிரிங் பூட்டில் ‘சர்வர்.ஃபார்வர்டு-ஹெடர்ஸ்-ஸ்ட்ராட்டஜி’ என்ற அமைப்பு 2.2 பதிப்பிலிருந்து இருக்கிறது; அதை ‘நேட்டிவ்’ என்று வையுங்கள். தனி டாம்கேட் என்றால் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ‘ரிமோட் ஐபி வால்வ்’ சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அணுகல் லாகில் 127.0.0.1 என்றே வந்துகொண்டிருந்தால் திகைக்க வேண்டாம். லாக் எழுதும் வால்வுக்கும் தனியாக, ‘ரிக்வெஸ்ட் ஆட்ரிப்யூட்ஸ் எனேபிள்டு’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் ஒருவரிடம் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாத கதை.

படிக்கவும் கூடாது என்றேனே, அது ஏன்? ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வெளியே இருப்பவர் தன் கோரிக்கையிலேயே ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்: 10.0.0.5’ என்று எழுதி, தானும் அலுவலகத்துக்குள்ளே இருப்பவர்தான் என்று நடிக்க முடியும். என்ஜின்எக்ஸ் கையேடுகளில் காணும் வழக்கமான வரி, வந்த பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு உண்மையான முகவரியைக் கடைசியில் ஒட்டும். பட்டியலின் முதல் முகவரியை நம்பி எழுதிய செயலி இங்கே ஏமாறும். உங்கள் என்ஜின்எக்ஸுக்கு முன்னால் வேறு எவரும் இல்லையென்றால் ஒட்டும் வரியை விட்டுவிடுங்கள். இணைப்பு எங்கிருந்து வந்ததோ அந்த முகவரியை மட்டும் எழுதும் ‘ரிமோட் அட்ரஸ்’ மாறியைப் (கோப்பில் இரண்டாவது சொல் ஏடிடிஆர் என்று சுருங்கும்) போடுங்கள். வந்தவர் எழுதிக்கொண்டுவந்த சீட்டு அத்தோடு குப்பைக்குப் போகும்.

ஒரு சாய்கோட்டின் விலை

ஜாவாவில் எழுதிய ஜென்கின்ஸ் என்ற செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு அதன் நிர்வாகப் பக்கத்தில் வரும் ஓர் எச்சரிக்கை நன்றாகத் தெரியும்: உங்கள் ரிவர்ஸ் ப்ராக்ஸி அமைப்பு பழுதுபட்டிருப்பதாகத் தெரிகிறது என்று அதுவே சொல்லும். பக்கங்களோ எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். பலர் அதை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன ஹெடர்களில் ஒன்று விட்டுப்போனதாக இருக்கும், அல்லது ஜென்கின்ஸின் சொந்த அமைப்பில் எழுதிய முகவரி வெளி முகவரியோடு பொருந்தாமல் இருக்கும். அதுவும் இல்லையென்றால், ‘ப்ராக்ஸி பாஸ்’ வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

8080க்குப் பிறகு எதுவும் எழுதாவிட்டால் என்ஜின்எக்ஸ் வந்த பாதையைத் தொடாமல் அப்படியே உள்ளே தரும். ஒரே ஒரு சாய்கோடு சேர்த்தாலும் போதும்; ‘லொக்கேஷன்’ பகுதியை வெட்டிவிட்டு அந்தச் சாய்கோட்டை அதன் இடத்தில் வைத்து, பாதையில் குறியீடாக வந்ததையெல்லாம் அவிழ்த்து ஒழுங்குபடுத்தி அனுப்பும். ஜென்கின்ஸ் சோதிப்பது இதைத்தான்: சதவீதக் குறியோடு 2எஃப் என்று குறியீடாக்கிய சாய்கோட்டை ஒரு சோதனை முகவரியில் வைத்து அனுப்பி, அது அப்படியே வந்து சேர்கிறதா என்று பார்க்கும்.

பாதையை வெட்டி ஒட்டும் வசதி இன்னொரு ஆசையையும் தூண்டும். வெளியே ‘/கணக்கு’, உள்ளே ‘/ஆப்’ என்று வேறு வேறாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். செயலி கொடுக்கும் அமர்வுக் குக்கி ‘/ஆப்’ என்ற பாதைக்கு உரியதாக வரும். ப்ரவுசர் ‘/கணக்கு’ பக்கத்துக்கு அதைத் திருப்பித் தராது. பயனர் உள்நுழைவார், அடுத்த சொடுக்கில் மறுபடி உள்நுழையச் சொல்லும். குக்கிப் பாதையை மாற்றவும், திருப்பல்களை மாற்றவும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. ஆனால் பக்கத்தின் உள்ளே எழுதப்பட்ட இணைப்புகளை யார் மாற்றுவது? உள்ளேயும் வெளியேயும் ஒரே பாதையை வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஜென்கின்ஸில் அதற்கென்றே ‘ப்ரிஃபிக்ஸ்’ என்ற தொடக்க அமைப்பு இருக்கிறது.

மூன்று எண்கள்

413 என்ற பிழை வந்தால் கோப்பு பெரிது. என்ஜின்எக்ஸின் இயல்பு எல்லை 1 எம்பிதான். ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ என்பதைக் கூட்டுங்கள். கூட்டிய பிறகும் பிழை வந்தால் ஸ்பிரிங் பூட்டிலும் ஒரு கோப்புக்கு 1 எம்பி, ஒரு கோரிக்கைக்கு 10 எம்பி என்று தனி எல்லை இருப்பது நினைவுக்கு வர வேண்டும்.

502 என்றால் உள்ளே ஆள் இல்லை: செயலி விழுந்துவிட்டது, அல்லது இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. ரெட் ஹேட் வகையில் செயலி நன்றாக ஓடியும் 502 வந்து, பிழை லாகில் அனுமதி மறுப்பு என்று இருந்தால், குற்றவாளி எஸ்ஈலினக்ஸ். வலைச்சர்வர் தானாக வேறு இடத்துக்கு இணைப்பு எடுப்பதை அது தடுக்கும். ‘எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்’ என்ற அனுமதியைத் திறக்க வேண்டும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் எங்கும் உண்டு. பூட்டு இறுகிவிட்டது என்று கதவைக் கழற்றச் சொல்லும் ரகம்.

504இல்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உள்ளிருந்து 60 வினாடிக்கு ஓர் எழுத்துகூட வராவிட்டால் என்ஜின்எக்ஸ் பொறுமை இழந்து 504 சொல்லிவிடும். ஆனால் உள்ளே செயலி பொதுவாக நிற்பதில்லை. பயனர் கேட்ட மாதாந்திர அறிக்கையைத் தொடர்ந்து தயாரித்துக்கொண்டே இருக்கும். பயனர் பிழையைப் பார்த்து மறுபடி அழுத்துவார். இரண்டாவது அறிக்கையும் தொடங்கும். மூன்றாவது முறை தரவுத்தளம் மூச்சுத் திணறும். ‘ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்’டை 300 ஆக்குவது முதலுதவி. நீண்ட வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, முடிந்ததும் தெரிவிக்கும்படி செயலியைத் திருத்துவதே மருந்து. வெப்சாக்கெட் அடிக்கடி அறுந்துபோவதற்கும் இந்த 60 வினாடி ஒரு காரணம். அதைவிட முன்னால், ‘அப்கிரேட்’, ‘கனெக்‌ஷன்’ ஹெடர்களை நீங்களே எழுதி அனுப்பாவிட்டால் வெப்சாக்கெட் தொடங்கவே தொடங்காது.

இவ்வளவும் எழுத அலுப்பாக இருந்தால் கேடி என்ற சர்வர் இருக்கிறது. டொமைன் பெயரும் உள்முகவரியும் கொடுத்தால் சான்றிதழையும் தானே வாங்கிக்கொள்ளும், எக்ஸ்-ஃபார்வர்டட் ஹெடர்களையும் தானே எழுதும். புதிதாகத் தொடங்கும் சிறிய இடத்துக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். செயலியின் பக்கம் செய்ய வேண்டியது மட்டும் அப்போதும் மாறாது.

பின்கதவு

டாம்கேட்டோடு பேச ஏஜேபி என்ற பழைய மொழியும் உண்டு, போர்ட் 8009. அப்பாச்சி வலைச்சர்வரை முன்னால் வைத்தவர்கள் அந்தக் காலத்தில் விரும்பிப் பயன்படுத்தியது. பயன்படுத்தாதவர்களின் டாம்கேட்டிலும் அது இயல்பாகவே திறந்து கிடந்தது. 2020 பிப்ரவரியில் ‘கோஸ்ட்கேட்’ என்ற ஓட்டை வெளிவந்தபோதுதான், அந்தப் போர்ட்டை எட்ட முடிந்த எவரும் செயலியின் உள்கோப்புகளைப் படிக்கலாம் என்பது தெரிந்தது. 9.0.31 பதிப்பிலிருந்து அது இயல்பாக மூடியே வருகிறது. பழைய சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பைப் பதிப்புக்குப் பதிப்பு நகலெடுத்து வருபவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த வரி இன்னும் அங்கே இருக்கலாம்.

8080க்கும் இது பொருந்தும். வாசலில் சர்வரை நிறுத்திவிட்டு அடுக்களையின் தெருக்கதவைத் திறந்தே வைத்திருந்தால், வருபவர் ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவார். நீங்கள் நம்பச் சொன்ன ஹெடர்களையும் தானே எழுதிக்கொண்டு வருவார். செயலியை 127.0.0.1இல் மட்டும் காது கொடுக்கச் சொல்லுங்கள்: டாம்கேட்டின் கனெக்டரில் ‘அட்ரஸ்’, ஸ்பிரிங் பூட்டில் ‘சர்வர்.அட்ரஸ்’. டாக்கரில் ஓட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ தடுப்பு போட்டிருந்தாலும், ‘8080:8080’ என்று வெளியிட்ட போர்ட் அதைத் தாண்டி வெளியே தெரியும். முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுத வேண்டும்.

மேகச் சேவைகளில் இருப்பவர்களுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு லோட் பேலன்சர் நிற்கும். அதுவும் ரிவர்ஸ் ப்ராக்ஸிதான். எச்டிடிபிஎஸ்ஸை அது அவிழ்த்துவிட்டு உங்கள் என்ஜின்எக்ஸிடம் எச்டிடிபியாகக் கொடுத்தால், என்ஜின்எக்ஸ் தனக்குத் தெரிந்தபடி ‘எச்டிடிபி’ என்று புரோட்டோ ஹெடரை மாற்றி எழுதிவிடும். மேலே சொன்ன செக்குமாடு திரும்பவும் சுற்றத் தொடங்கும். இங்கே மட்டும் முன்னவர் எழுதியதை மாற்றாமல் அப்படியே கடத்த வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இரண்டு முகவரிகளைத் திறந்து பாருங்கள். முதலில் உங்கள் டொமைன்; உள்நுழைந்து, லாகில் உங்கள் கைப்பேசி இணைப்பின் ஐபி விழுகிறதா என்று பாருங்கள். அடுத்து அதே டொமைன், கடைசியில் 8080. இரண்டாவது திறக்கவே கூடாது.